அப்பத்தாவுக்கு தண்டட்டி போட்ட கதை

பாப்பாவையும் அப்பத்தாவையும் சேத்து வச்சு கையால வரைஞ்ச படம் ஒண்ணு வீட்டுல மாட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, பாப்பாவுக்கு 4 வயசு, அப்பத்தாவுக்கு ஆதார்ல 84 ரேஷன் கார்டுல 87, எது சரின்னு அவங்களுக்கே தெரியாது. உசிலம்பட்டிக்கு அங்கிட்டு எங்க ஊருக்குப் போயி விஷயத்தை சொன்னா ஒரே வசவு. "உசுரோட இருக்கையிலயே படம் போட்டு மால போடப் போறியா"ன்னு. தப்பும் இல்ல, எங்க பக்கம் பெருசா பிரேம் போட்டு மாட்டுறதுன்னா செத்தவங்களைத்தான், தாத்தா படத்துக்கு மேல சிகப்பு பல்பு ஒண்ணு ராத்திரி பகலா எரியுது.

ஒரு வாரம் கழிச்சு அவங்களே போன் பண்ணாங்க. "ஏப்பா, அந்த படம் வரையுற ஆளு, இல்லாததையும் வரைவாரா?"

தண்டட்டி, காதுல தொங்குற கனமான தங்க நகை. எங்க அத்தை கல்யாணத்துக்காக அடகு வச்சது, திருப்ப முடியாம மூழ்கிப்போச்சு. அதுக்கப்புறம் 40 வருஷத்துக்கு மேல காது சும்மாதான் தொங்குது. சின்னப் பிள்ளையில காது குத்தி, ஓட்டையில பஞ்சு, ஓலைச் சுருள்னு பெருசாக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி இழுத்து வளத்த காது அது. வலியெல்லாம் பட்டது நானு, நகை போனது சேட்டுக்குன்னு சொல்லுவாங்க.

இதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் ஏமாந்ததையும் சொல்லிடுறேன். இன்ஸ்டாகிராம்ல பாத்து ஒருத்தருகிட்ட பாப்பா படம் மட்டும் ஆர்டர் குடுத்தேன், ஆயில் பெயின்டிங்னு சொன்னாங்க, 4 நாள்ல பார்சல் வந்துருச்சு. அப்பவே சந்தேகப்பட்டுருக்கணும். போட்டோவை கேன்வாஸ்ல பிரின்ட் அடிச்சு மேல பிரஷ்ஷால ஜெல் தடவி அனுப்பிருக்காங்க. பிரஷ் தடம் ஒரு பக்கம் போகுது, முடி ஒரு பக்கம் போகுது. லென்ஸ் வச்சுப் பாத்தா புள்ளி புள்ளியா பிரின்டர் மை. நெசமான ஆயில்னா 4 நாள்ல கைல குடுக்கவே முடியாதாம், எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகி காயுறதில்ல, காத்தோட சேந்து பைய இறுகுறது, தொட்டா ஒட்டாம இருக்கவே சில சமயம் வாரக்கணக்குல ஆகும்.

இந்த தடவை செல்லூர் பக்கம் ஒரு அண்ணனைப் புடிச்சேன். சினிமா பேனர், கட்சி சுவரெல்லாம் வரைஞ்சவர், பிளக்ஸ் வந்து அந்த பொழப்பு போனதுக்கப்புறம் வீட்டுலயே உக்காந்து முகம் வரையுறாரு. ரெண்டடிக்கு ரெண்டரை அடி, 14,000 ரூவா, பாதி அட்வான்ஸ். பேச ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டாரு. "தம்பி, ரவிவர்மாவோட மாமா ராஜராஜவர்மாவுக்கே படம் கத்துக்குடுத்தது நம்ம மதுரைக்காரரு அழகிரி நாயுடு, திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் அரண்மனையில இருந்தவரு, நம்மூர்ல யாருக்குத் தெரியும் சொல்லுங்க"ன்னு அரைமணி நேரம். எனக்கும் அன்னைக்குத்தான் தெரியும்.

போட்டோ எடுக்குறதுக்குத்தான் அவ்வளவு கண்டிஷன். காலையில திண்ணையில உக்கார வச்சு ஒரு பக்கத்து வெளிச்சத்துல எடுக்கணும், பிளாஷ் கூடாது, போனை மூஞ்சிக்கிட்ட கொண்டு போனா மூக்கு பெருத்துரும் அதனால நாலடி தள்ளி நின்னு ஜூம் பண்ணு, வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாத டாக்குமென்டா அனுப்பு. பாப்பா உக்காரவே இல்ல, கோழிக்குப் பின்னாடி ஓடிட்டு இருந்தா, 60 போட்டோவுல ஒண்ணுதான் தேறுச்சு, அதுலயும் வாயில முறுக்கு.

தண்டட்டிக்குத்தான் வழியே இல்ல. அப்பத்தா அதைப் போட்டு எடுத்த படம்னு இருக்குறது ஒரே ஒரு கருப்பு வெள்ளை, கூட்டத்துல அஞ்சாவது ஆளு, காது இருக்குற எடத்துல ஒரு பொட்டு. அண்ணன் சொன்னாரு, நகையை மட்டும் பாத்து வரைஞ்சா ஒட்ட வச்ச மாதிரி இருக்கும், கனம் தொங்குறப்ப காதுச் சதை எப்படி இழுக்குதுன்னு பாக்கணும், சும்மா இருக்குற காது வேற, நகை போட்ட காது வேறன்னு. எங்க தெருவுல இன்னும் போட்டுருக்குறது ஒரே ஒரு கிழவி, அவங்களுக்கும் அப்பத்தாவுக்கும் வாய்க்கா தண்ணி விஷயத்துல 20 வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. நான் போயி கெஞ்சி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வந்தேன். விஷயம் அப்பத்தாவுக்குத் தெரிஞ்சு போச்சு. "அவ காதையா எனக்கு ஒட்டப் போற?"ன்னு ரெண்டு நாள் சாப்பாடு போடல எனக்கு.

ஒரு மாசம் கழிச்சு பாதி முடிஞ்ச படத்தைப் பாக்கப் போனா, அப்பத்தா கோதுமை கலர்ல இருக்காங்க. என்னண்ணேன்னா, எல்லாரும் கலர் ஏத்தித்தான் கேப்பாங்க தம்பி, கேக்காமயே கை அப்படிப் போயிருதுங்குறாரு. வீடியோ கால்ல காட்டுனேன், "யாருப்பா இந்த டவுன்காரி"ன்னு கேட்டாங்க. மறுபடி போட்டாரு, கருப்பு டியூப்பைத் தொடாம பர்ன்ட் சியன்னாங்குற செம்பழுப்பும் நீலமும் கலந்து கலந்து. கன்னத்து மேட்டுல வெயில் பட்டு லேசா நீலம் ஓடுது பாருங்க, அது நெசமாவே அவங்க கன்னத்துல இருக்கு, நான் இத்தனை வருஷம் பாத்ததே இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குக் கொண்டு போனேன். வார்னிஷ் 6 மாசம் கழிச்சுத்தான் அடிக்கணும்னு சொல்லிருக்காரு, அதனால கண்ணாடி போடல. தாத்தா பக்கத்துல மாட்டக் கூடாதுன்னுட்டாங்க, டிவிக்கு மேல ஆணி அடிச்சோம். பாப்பாவைப் பாக்கல, மூஞ்சியைப் பாக்கல, கிட்டப் போயி காதை மட்டும் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என்கிட்ட திரும்பி மெதுவா, "எனது மூணு பவுனுதான், இது அஞ்சு பவுனு இருக்கும் போலயே. அவ பாத்தா வயிறெரிவா, கதவைத் தொறந்தே போடு"ன்னாங்க.