வெனிஸ் தோப்பில் பத்துச் சிற்றாலயங்கள்

வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் நின்றால், தண்ணீருக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோவில் தெரியும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்து 1566-இல் கட்டத் தொடங்கிய சான் ஜியார்ஜியோ மஜ்ஜோரே தேவாலயம், அதே பெயருள்ள தீவில் இருக்கிறது. அதைப் படம் எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கோவிலுக்குப் பின்னால் ஒரு தோப்பு இருப்பதும், அதற்குள் பத்துச் சிற்றாலயங்கள் நிற்பதும் பலருக்குத் தெரியாது. நான் தீவுக்குப் படகு ஏறியது அவற்றுக்காகத்தான்.

2018-இல் வெனிஸ் கட்டடக்கலை பியெனாலே என்ற சர்வதேசக் கண்காட்சியில் வத்திக்கான் முதன்முறையாகப் பங்கேற்றபோது எழுந்தவை இவை. முன்னின்று நடத்தியவர் கர்தினால் ராவாசி. பல நாட்டுக் கட்டடக் கலைஞர்களை அழைத்து வந்தவர் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஃப்ரான்செஸ்கோ தால் கோ. பலிபீடமும் வாசக மேடையும் இருக்க வேண்டும், மற்றபடி அவரவர் விருப்பம். 1920-இல் ஸ்டாக்ஹோம் கல்லறைத் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே குன்னர் ஆஸ்ப்லுண்ட் கட்டிய சிறிய ஆலயம்தான் இதற்கெல்லாம் முன்மாதிரி.

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் பெயருக்காகவே வருகிறவர்கள் உண்டு. மூன்று சிலுவைகளில் தொடங்கிய யோசனை, கம்பங்களும் கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கிற கட்டமைப்பாக வளர்ந்திருக்கிறது. மரச்சட்டங்களில் படர மல்லிகைக் கொடி நட்டார்கள். அழகுதான், ஆனால் அங்கே நின்றபோது எனக்குப் பொறியியல்தான் கண்ணில் பட்டது. கும்பிடத் தோன்றவில்லை.

பிரேசிலின் கார்லா ஜுவாசாபா செய்ததற்குச் சுவர் கிடையாது, கூரை கிடையாது. பளபளவென்று மெருகேற்றிய ஸ்டீல் உத்திரங்கள் சில. அவற்றில் ஒரு சிலுவை, உட்கார ஒரு பெஞ்ச். அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே எதுவுமே இல்லாததுபோல் இருக்கும். ஸ்டீல் முழுக்கச் சுற்றியிருக்கிற இலையையும் தண்டையும் வாங்கிக்கொண்டு காட்டுகிறது. நாலடி நகர்ந்தால் சிலுவையின் ஒரு கை காணாமல் போகிறது, இன்னும் இரண்டடி வைத்தால் வெயில் பட்டுத் தகதகக்கிறது. பெரிய வெள்ளி வழிபாட்டில் திருச்சிலுவை மரம் என்று பாடுவதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். ஆலையில் வார்த்த ஸ்டீலில் அந்த மரத்தைக் காண்பேன் என்று நினைத்ததில்லை. வழிகாட்டி அடுத்த ஆலயத்துக்குப் போன பிறகும் நான் பெஞ்சைவிட்டு எழவில்லை. வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

ஜப்பானியர் டெருனோபு ஃபுஜிமோரியின் ஆலயத்துக்குள் நுழைய உடம்பைக் குறுக்கிக்கொண்டு போக வேண்டும். இயேசு சொன்ன இடுக்கமான வாசலை இவ்வளவு நேரடியாக யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். கருக்கிய பலகையைத் தாண்டி உள்ளே போனால் தங்கத் தகடு ஒட்டிய சிலுவை. சட்டையில் கரி ஒட்டுமோ என்ற பயம் வேறு.

சிலியின் ஸ்மில்யான் ராடிச், தன் நாட்டில் சாலையோரம் செத்தவர்களுக்காக வைக்கும் சின்னஞ்சிறு நினைவிடங்களிலிருந்து தொடங்கியிருக்கிறார். நம்மூர்க் குருசடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் சுவரில் பொதி கட்டும் குமிழ்த்தாளின் தடம் பதிந்திருக்கிறது. சாமான் சுற்றி வரும் தாளை ஆலயச் சுவரில் பதிக்கும் துணிச்சல் எனக்குப் பிடித்தது. மேலே கண்ணாடிக் கூரை, அதில் சருகு விழுந்து கிடந்தது. அதைக் கூட்டிவிடாமல் இருப்பார்களாக.

போர்ச்சுகல்லின் சோட்டோ டி மோரா கல்லை நம்பியிருக்கிறார். கனமான, அடக்கமான வேலை. ஆனால் அதை இதே தோப்பில்தான் வைக்க வேண்டும் என்றில்லை, எங்கே வைத்தாலும் நிற்கும். என் கணக்கில் அது ஒரு குறை. இங்கே எனக்குப் பிடித்தவை எல்லாம் மரங்களை எடுத்துவிட்டால் பாதியாகிப் போகிறவை.

போக நினைப்பவர்களுக்கு: சான் ஸக்காரியா துறையிலிருந்து 2-ஆம் எண் வாப்பொரெட்டோ (ஊர்ப் பொதுப் படகு), சில நிமிடப் பயணம். நான் போனபோது தோப்புக்குள் வழிகாட்டியோடுதான் விட்டார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பல்லாடியோவின் கோவிலை முதலில் பார்த்துவிடுங்கள். நான் தோப்பு முடித்துவிட்டு அங்கே போனேன். தின்தொரெத்தோவின் இறுதி இராவுணவு ஓவியம் எதிரே இருந்தும் மனசு அதில் நிற்கவில்லை.