மேசைக் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ்.: நாட்குறிப்பு

12 மே 2025, திங்கள்

பக்க வடிவமைப்பு வேலைக்கு வைத்திருக்கும் மேசைக் கணினியின் பழைய யூ.பி.எஸ். (மின்சாரம் போனதும் சிறிது நேரம் பேட்டரியிலிருந்து கொடுக்கும் பெட்டி) இன்றோடு ஓய்ந்தது. திறந்து பார்த்தால், உள்ளே இருந்த பேட்டரி உப்பி, வெளியே இழுக்க முடியாதபடி பக்கச் சுவர்களில் இறுகிக் கிடக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றலாம்தான். ஆனால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றும் பெட்டியில்தான் பேட்டரி பெரும்பாலும் இப்படி உப்பும் என்பதால், புதிய பேட்டரியை அதே பெட்டிக்குள் வைக்க மனம் ஒப்பவில்லை.

வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூ.பி.எஸ். எதற்கு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2012 மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளைப் போல நாங்களும் வாங்கிய இன்வெர்ட்டர் அது; சுவர் மின்சாரத்தின் வழுவழுப்பான சைன் அலைக்குப் பதில் சதுர அலையைத் தரும் வகை. மின்விசிறிக்கும் விளக்கிற்கும் போதும். ஆனால் கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி செகண்டுதான் மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்கும். சாதாரண முறையில் வைத்த இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பின்புறம் உள்ள பொத்தானை யூ.பி.எஸ். முறைக்குத் தள்ளினால் மாற்றம் வேகமாகும் என்பது உண்மையே. ஆனால் அப்போது மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய உடனேயே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் ஊரில் மாலை நேரத்தில் அப்படித் தாவினால் திரும்பி வரவே வராது.

14 மே, புதன்

கடைக்குப் போகும் முன் அளந்துவிடுவது நல்லது என்று நண்பரிடமிருந்து செருகு மீட்டர் (பிளக்குக்கு இடையில் செருகி மின்சாரத்தை அளக்கும் கருவி) ஒன்று வாங்கிவந்தேன். கணினியும் 24 அங்குலத் திரையும் சேர்ந்து, தட்டச்சு செய்யும்போது 70 வாட் அளவிலும், பெரிய நூலொன்றைப் பி.டி.எஃப். ஆக்கும்போது 115 வாட் வரையிலும் எடுக்கின்றன. எஸ்.எம்.பி.எஸ். மீது 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. அது அந்தப் பெட்டி தரக்கூடிய உச்சம். கணினி எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் தேவைக்கு மேல் பெரிய யூ.பி.எஸ். வாங்குகிறார்கள்.

மாலையில் மின்னழுத்தத்தையும் பார்த்தேன். பகலில் 225-ஐ ஒட்டி நின்றது, ஏழு மணிக்கு 176-க்கு இறங்கியிருந்தது. கும்பகோணத்துக்கு வெளியே, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வரிசையில் இருக்கும் வீடு எங்களுடையது. மேட்டூர் அணை திறக்கும் முன்பே போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கிவிடுவதால், மோட்டார்கள் ஓடும் நேரமெல்லாம் எங்கள் குழல்விளக்கு கண் சிமிட்டும். ஆகவே எனக்கு முதல் தொல்லை மின்வெட்டு அல்ல, குறைந்த மின்னழுத்தம். வாங்கப்போகும் பொருளை இந்த ஒரு செய்தியே தீர்மானிக்கிறது.

18 மே, ஞாயிறு

விடுமுறை நாளை வகைகளைப் படிப்பதில் கழித்தேன். ஆஃப்லைன் வகை, மின்சாரம் சரியாக இருக்கும்வரை அதை அப்படியே கணினிக்கு விட்டுவிட்டு, எல்லை தாண்டியதும் பேட்டரிக்கு மாறுகிறது. எங்கள் வீட்டில் அது நாள்தோறும் மாலையில் பேட்டரியைத் தின்று தீர்த்து, ஓராண்டுக்குள் அதைச் சாகடித்துவிடும். லைன் இன்டராக்டிவ் வகையில் ஏ.வி.ஆர். என்னும் அமைப்பு இருக்கிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றை மாற்றி, குறைந்த மின்னழுத்தத்தைப் பேட்டரியைத் தொடாமலேயே உயர்த்திக் கொடுக்கிறது. 145 முதல் 290 வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டிகளில் போட்டிருப்பது இதன் எல்லையைத்தான். ஆன்லைன் வகை எந்நேரமும் மின்சாரத்தை நேர்மின்னாக்கி (டி.சி.), மீண்டும் மாறுமின்னாக்குவதால் (ஏ.சி.) மாறும் நேரமே கிடையாது. ஆனால் விலையும் விசிறிச் சத்தமும் வெப்பமும் ஒரு மேசைக் கணினிக்கு அதிகம். சர்வர் அறைக்கு உரியதை வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை.

21 மே, புதன்

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை நிமிஷம் நிக்கணும் சார்?" என்பதுதான். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குப் பட்டது. கோப்பைச் சேமித்து, மென்பொருளை மூடி, கணினியை முறையாக அணைக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் கிடைப்பது உபரி.

அவர் 1000 வி.ஏ. எடுக்கச் சொன்னார். வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண், வாட் அல்ல. 600 வி.ஏ. என்று பெரிதாக அச்சிட்ட பெட்டியின் பக்கவாட்டில் 360 வாட் என்று சிறிய எழுத்தில் இருந்தது. என் 115 வாட்டுக்கு அதுவே மூன்று மடங்கு. இரண்டு அளவிலும் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர் மணி) பேட்டரிதான் என்றால், பெரிய பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுத்தும் கூடுதல் நேரம் வராது. பேட்டரியின் இந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் 84 வாட் மணி. எனவே 70 வாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்று கணக்கு சொல்லும். நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிது. 7 ஏஹெச் என்பது இருபது மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இறக்கினால் பேட்டரி தன் கொள்ளளவை முழுதும் தராது, யூ.பி.எஸ்.ஸுக்குள் பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பகுதியும் தன் பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் விசாரித்தேன். விலை குறைந்த மாடல்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது படிக்கட்டு போன்ற அலை. ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள சில எஸ்.எம்.பி.எஸ். அதை ஏற்காமல் கணினியை அணைத்துவிடும். என்னுடையது பழைய சாதாரண வகை என்பதால் கவலையில்லை. விளையாட்டுக்கென்று விலையுயர்ந்த எஸ்.எம்.பி.எஸ். போட்டவர்கள் சைன் அலை மாடலைப் பார்ப்பதே உத்தமம்.

ஏ.வி.ஆர்., யுஎஸ்பி போர்ட் இரண்டும் உள்ள 600 வி.ஏ. மாடல் ஒன்று கிடைத்தது. அடுக்கிலிருந்து எடுத்துக்கொடுத்த பெட்டியில் தயாரிப்பு மாதம் சென்ற ஆண்டின் தொடக்கம். ஈய அமிலப் பேட்டரி சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும். ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். புதிய சரக்கு வரும் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். கடைக்காரருக்கு முகம் சற்றுச் சுருங்கியது.

22 மே, வியாழன்

இடைப்பட்ட நாளில் எர்த்தைப் பார்த்துவிடலாம் என்று எலக்ட்ரீசியனை அழைத்தேன். வெறுங்காலோடு நின்று கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்று ஒரு கடி கிடைப்பது வெகுநாள் வழக்கம். அவர் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, ஒரு கம்பியை ஃபேஸிலும் மறு கம்பியை நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. மறு கம்பியை எர்த் துளைக்கு மாற்றியதும் இழை மட்டும் சிவந்து நின்றது. "ஐயா, எர்த் குழியில கரியும் உப்பும் போட்டு எத்தனை வருசம் ஆச்சு?" என்றார். கொல்லைப்புறத்தில் எர்த் குழாயின் தலையில் கம்பியை இறுக்கிய நட்டு துருப்பிடித்துப் பொடியாகியிருந்தது. அதை மாற்றி, குழிக்குக் கரியும் உப்பும் இட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. கேபினட்டின் கடியும் நின்றது. மின்னலின்போது பாயும் மிகை மின்னழுத்தத்தை வாங்கி எர்த்துக்குத் திருப்பும் பாகங்கள் யூ.பி.எஸ்.ஸில் இருக்கின்றன. எர்த் செத்துக்கிடந்தால் அவை எங்கே திருப்பும்?

24 மே, சனி

புதிய சரக்கு, ஏப்ரல் மாதத் தயாரிப்பு. உள்ளே பேட்டரியின் சிவப்புக் கம்பி இணைக்கப்படாமல் அனுப்பப்பட்டிருந்தது. இணைத்து, இரவு முழுவதும் சார்ஜில் விட்டிருக்கிறேன்.

25 மே, ஞாயிறு

பரிசோதனைக்குப் பிளக்கைப் பிடுங்குவதைவிடச் சுவிட்ச்சை அணைப்பதே சரி, ஏனெனில் அப்போது எர்த் இணைப்பு விடாமல் இருக்கும். தட்டச்சுச் சுமையில் அரை மணி நேரத்தை ஒட்டி நின்றது. யுஎஸ்பி கம்பியால் இணைத்ததும் விண்டோஸ் இதை மடிக்கணினியின் பேட்டரி போலவே அடையாளம் கண்டது. 30 விழுக்காட்டுக்கு இறங்கியதும் தானே அணைந்துவிடும்படி அமைத்தேன். லேசர் பிரிண்டரை இதில் மாட்டவில்லை. அதன் சூடேற்றி ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரமே 600 வி.ஏ.வைத் திணறடித்துவிடும்.

இன்வெர்ட்டர் லைனில் மாட்டிப் பார்த்தபோது, மின்சாரம் போனதும் யூ.பி.எஸ். அந்தச் சதுர அலையை ஏற்க மறுத்து, ரிலே (உள்ளே மாற்றிவிடும் சுவிட்ச்) டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. எனவே நேரடி லைனிலேயே விட்டேன். சூடு தங்காமலிருக்க மேசைக்கு அடியில் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்திருக்கிறேன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இந்தப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும், எங்கள் அறை மே மாதத்தில் 35-க்குக் கீழே இறங்குவதில்லை.

19 ஜூன், வியாழன்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள்; காலை ஒன்பது முதல் மாலை வரை மின்சாரம் இல்லை. ஒன்பதுக்குப் போனதும் ஓடிக்கொண்டிருந்த பி.டி.எஃப். ஏற்றுமதி முடியும்வரை காத்திருந்து, கணினியை நானே அணைத்தேன். மாலை மின்னழுத்தம் 180-க்குக் கீழே போகும்போது ஏ.வி.ஆர். மாறும் ஒற்றை டிக் சத்தம் மட்டும் கேட்கிறது. பேட்டரி விளக்கு எரிவதில்லை.

மீதி இருப்பது இணைய ரூட்டர். அதற்கு இந்த யூ.பி.எஸ்.ஸைச் செலவிடுவது வீண். லித்தியம் செல் போட்ட 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். தனியாகக் கிடைக்கிறது. அடாப்டரில் இருக்கும் வோல்ட் அதேயாகவும் ஆம்பியர் குறையாமலும் பின் அளவு பொருந்தவும் வேண்டும். அடாப்டரையே எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அதே கடைக்குப் போக வேண்டும்.