டாக்டரைப் பார்க்கப் போனேன்

ஜெர்மனியின் பெர்ன்காஸ்டல் ஊருக்கு ரயில் கிடையாது. விட்லிச் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். மோசல் ஆற்றங்கரையில் மரச்சட்ட வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கிற சின்ன ஊர். எல்லோரும் அந்த வீடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்தது கூரைகளுக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் 'டாக்டர்' திராட்சைத் தோட்டத்தை.

மொத்தமே 3.26 ஹெக்டேர், அதாவது எட்டு ஏக்கர். 14-ஆம் நூற்றாண்டில், மேலே இருக்கும் லாண்ட்ஸ்ஹூட் கோட்டையில் நோயாகக் கிடந்த ட்ரியர் பேராயர் இரண்டாம் போமுண்டை இந்தத் தோட்டத்து வைன்தான் எழுப்பி உட்கார வைத்ததாம். பெயர் வந்த கதை அது. நம்புவது உங்கள் இஷ்டம்.

என் சந்தேகம் வேறு. இந்த இடம் கிட்டத்தட்ட 50 டிகிரி வடக்கே இருக்கிறது. அக்டோபர் காலையில் எனக்குக் கையுறை தேவைப்பட்டது. இந்தக் குளிரில் திராட்சை எப்படிப் பழுக்கும்?

ஓரத்துப் பாதையில் ஏறும்போதே பாதி விடை காலில் இடறியது. மண் என்று சொல்ல அதிகம் இல்லை. எங்கும் உடைந்த சிலேட்டு. ஆமாம், ஒன்றாம் வகுப்பில் எழுதினோமே, அதே கல். ஒரு சில்லை எடுத்து இன்னொன்றில் கீறினேன், வெளுப்பாகக் கோடு விழுந்தது! சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி இப்படி ஆகியிருக்கிறது. மழைநீர் இதில் தேங்காது. கொடியின் வேர் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கித் தண்ணீர் தேட வேண்டும். பகல் வெயிலை இந்தக் கருநிறச் சிலேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. பொழுது சாய்ந்த பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று சில்லென்று வீச, கல் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

மீதி விடை சரிவில் இருக்கிறது. தென்மேற்கைப் பார்த்த செங்குத்தான சரிவு என்பதால் தாழ்ந்து வரும் இலையுதிர்கால வெயிலும் கொடிகள்மேல் நேராக விழுகிறது. ஆனாலும் ரீஸ்லிங் திராட்சை அவசரப்படாது. அக்டோபர்வரை மெதுவாக இனிப்பேறும். குளிர்ந்த இரவுகள் புளிப்பையும் விட்டுவைக்கும்.

இந்தச் சரிவில் சாதாரண டிராக்டர் ஏறாது. மழையில் உருண்டு வந்த சிலேட்டை அந்தக் காலத்தில் முதுகில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்ப் போடுவார்களாம். வெறுங்கையோடு ஏறிய எனக்கே மூச்சு வாங்கியது. இறங்கும்போது இரண்டு முறை சறுக்கி உட்கார்ந்தேன்.

அப்புறம் சந்தைச் சதுக்கத்துக் கடையில் டாக்டர் பாட்டிலின் விலைச் சீட்டைப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து ரீஸ்லிங் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டேன்.