நாலாவது ஸ்பிரிங்

ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, இரண்டு வருஷமாக வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருந்த சக்திமான் லாரி அது. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தோடு 1959-இல் ஜபல்பூரில் செய்யத் தொடங்கிய வண்டி. போர்வெல் சாமான் ஏற்ற ஆகும் என்று வாங்கி, திருச்செங்கோட்டுக்கு இழுத்து வந்தேன்.

பேட்டரி புதிது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகவே சுற்றியது. ஆனால் சைலன்சரில் துளிப் புகை இல்லை. வெள்ளைப் புகையாவது வந்திருந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று நினைத்திருப்பேன். இங்கே டீசலே போகவில்லை.

பழைய டீசலை இறக்கிவிட்டு, ஃபில்டர் மாற்றி, ஹேண்ட் பிரைமர் என்ற கைப் பம்பை அடித்து, குழாயில் நின்ற ஏர் எடுத்தேன். முதலில் நுரை, அப்புறம் குமிழ் இல்லாமல் சுத்தமாக டீசல். சரி, டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜின் பம்ப் வரைக்கும் வழி தெளிவு. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கம் ஆறு பைப் நட்டையும் லேசாகத் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஆறிலும் ஒரு சொட்டு இல்லை.

பம்ப் கடையில் போனில் கேட்டதற்கு ஆறு எலிமென்டும் மாற்றணும் என்றார்கள். எலிமென்ட் என்றால் சிலிண்டருக்கு ஒன்றாக பம்புக்குள் இருக்கும் ஜோடி: பேரல் என்ற குழலும், அதற்குள் ஏறி இறங்கி டீசலை அழுத்தும் பிளஞ்சரும். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒன்றிரண்டு போகலாம், ஆறும் ஒரே நாளிலா செத்துப்போகும்? எங்கள் தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பம்ப்பக் கழட்டிப்போடாதீங்க தம்பி. ராக்கு நகருதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ராக் என்பது ஆறு பிளஞ்சரையும் சேர்த்துத் திருப்பி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு. பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கேம் ஆயிலில் டீசல் வாடை, ஓரமெல்லாம் துருச் சேறு. ராக்கை விரலால் தள்ளினால் அசையவே இல்லை. இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தபடியே விட்டிருக்கிறார்கள். ராக் நிறுத்தத்திலேயே இறுகிவிட்டது. இன்ஜினைக் கையால் சுற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஐந்து ஸ்பிரிங் ஏறி இறங்கின. நாலாவது மட்டும் அமுங்கியபடியே நின்றது. அந்த பிளஞ்சர் மேலேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பிளஞ்சர் திரும்பாவிட்டால் ராக் நகராது. ராக் நகராவிட்டால் மற்ற ஐந்துக்கும் டீசல் கிடையாது.

சுத்தியல் பக்கமே போகவில்லை. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு கீறல் விழுந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஸ்பிரிங் தட்டை மெல்ல மெல்லக் கீழே நெம்ப, "டக்" என்று இறங்கியது. பத்து இருபது தடவை அப்படிச் செய்த பிறகு ராக் விரலுக்கு வழுக்கிப் போனது. கேம் ஆயிலை மாற்றி மூடியைப் போட்டேன்.

பெரியவர் ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, மச்சான் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்க நேரமில்லை. செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்ட இன்ஜின், அடுத்த மூச்சில் அலற ஆரம்பித்தது. நிறுத்தும் கம்பியை இழுத்தேன், வரவில்லை. ராக் இந்த முறை முழு டீசல் விடும் அந்தக் கோடியில் சிக்கியிருந்தது! இந்த மாதிரிப் பழைய டீசல் இன்ஜினை நிறுத்தச் சாவியைத் திருப்பினால் மட்டும் போதாதே. டீசலை நிறுத்தணும், இல்லையென்றால் காற்றை. "மூடுடா!" என்று பெரியவர் கத்தியதும் மச்சான் பலகையைக் காற்று வாயில் அறைந்தான். இன்ஜின் திணறி அடங்கியது. வெறுங்கையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது.

மறுபடி மூடியைத் திறந்து, இன்னொரு ராத்திரி ஊறல். ராக் தானாகத் திரும்புகிறதா என்று ஐம்பது தடவையாவது தள்ளிப் பார்த்திருப்பேன். மறுநாள் ஸ்டார்ட் ஆகி, கம்பியை இழுத்ததும் நின்றது. காலைக் குளிரில் நாலாவது சிலிண்டர் மட்டும் கொஞ்சம் மிஸ் அடிக்கிறது. அடுத்த மாதம் பம்பைக் கலிபரேஷனுக்கு அனுப்பணும், வேறு கடைக்கு.