ஜாஸுக்கு ஒரு அட்டமி

போன ஞாயிறு மதியம் துணி மடித்துக்கொண்டே யூடியூபில் 'கிஸ்மெட்' படத்தின் நடனம் ஒன்றைப் பார்த்தேன். 1955இல் வந்த ஹாலிவுட் படம், கதை நடப்பது பக்தாதில். மூன்று இளவரசிகள் வருகிறார்கள். முழங்கால் மடங்குகிறது. தோள் அசையாமல் கழுத்து மட்டும் பக்கவாட்டில் போய் வருகிறது. பரதநாட்டியத்தின் அட்டமி! ஆனால் பாட்டில் அடிப்பதோ ஜாஸ் தாளம்.

நடனத்தை அமைத்தவர் ஜாக் கோல். 1953இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இதே கதை நாடகமாக வந்தபோதும் அவர்தான். நியூஜெர்சியில் 1911இல் பிறந்தவர். டெனிஷான் என்ற அமெரிக்க நடனக் குழுவில் ஆடத் தொடங்கினார். அங்கே 'கீழை நாட்டு' நடனம் என்பதில் கற்பனைதான் அதிகம். அது போதாமல் லா மெரி என்பவரிடம் பரதம் கற்றார். அந்த அம்மாளும் அமெரிக்கர்தான், ஆனால் 1930களில் சென்னைக்கே வந்து பயின்றவர்.

அப்புறம் கோல் செய்ததுதான் குறும்பு. அந்த அசைவுகளை ஸ்விங் என்ற துள்ளலான ஜாஸ் இசைக்குப் பொருத்தி நியூயார்க் இரவு விடுதிகளில் ஆடினார். 'இந்து ஸ்விங்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு எரிச்சலூட்டுகிறது. எந்த நட்டுவனார் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் மனிதர் ஏனோதானோ என்று ஆடவில்லை. 1940களில் கொலம்பியா படநிறுவனத்தில் சம்பளத்துக்கு நடனக் கலைஞர்களை வைத்துப் பயிற்சிக்கூடமே நடத்தினார். ஒவ்வொரு உறுப்பையும் தனியாக அசைக்கப் பழக்கினார். நம் வகுப்பில் கண், கழுத்து, கை என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்களே, அது மாதிரி.

'கில்டா' படத்தில் ரீட்டா ஹேவொர்த் கையுறையைக் கழற்றியபடி ஆடுவதும், வைரங்களைப் பாடி மர்லின் மன்றோ இளஞ்சிவப்பு உடையில் ஆடுவதும் இவர் அமைத்தவைதான். படத்தைப் பார்த்தவர்களுக்கு மன்றோவைத் தெரியும். இவரை யார் கேட்டார்கள்? 1961இல் 'டானிபுரூக்', 'கீன்' என்று இரண்டு பிராட்வே நாடகங்களை இயக்கவும் செய்தார். இரண்டும் நீடிக்கவில்லை. 1965இல் 'மேன் ஆஃப் லா மாஞ்சா'வுக்கு நடனம் அமைத்தார், அது வருடக்கணக்கில் ஓடியது. 1974இல் இறந்தார். அவருடைய உதவியாளராகப் பழகிய க்வென் வெர்டன்தான் பிறகு புகழ்பெற்ற பிராட்வே நடன இயக்குநர் பாப் ஃபாசியின் மனைவியும் முதன்மை நாயகியுமானார். இன்று 'ஃபாசி பாணி' என்று கொண்டாடுகிறவர்கள் வெர்டனின் தோளையும் இடுப்பையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

நான் ஆறு வருடம் பரதம் கற்று, அரங்கேற்றத்துக்கு முன்பே நிறுத்தியவள். அன்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது அதே பாட்டைப் போட்டு அரைமண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து போனது. எழுந்திருக்கத்தான் சோபாவைப் பிடிக்க வேண்டியிருந்தது.