லாவிஷ், எக்ஸ்ட்ராவகண்ட், ஸ்பெண்ட்த்ரிஃப்ட்: எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம் வொகாப் படிக்கிறவங்களுக்கு

எஸ்எஸ்சி சிஜிஎல்லுக்கும் (மத்திய அரசு வேலைக்கு டிகிரி முடிச்சவங்க எழுதற எக்ஸாம்) பேங்க் எக்ஸாமுக்கும் சேத்து படிச்ச அனுபவத்துல வொகாப், அதாவது இங்கிலீஷ் சொல்வளம் பத்தி கொஞ்சம் சொல்றேன், லாவிஷ்ங்கற ஒரே வார்த்தையை பிடிச்சுக்கிட்டு. இந்த செலவாளி குடும்பத்து வார்த்தைங்க சினானிம், ஆன்டானிம், ஒன் வேர்ட் (ஒரு விளக்கத்துக்கு ஒரே சொல்), க்ளோஸ் டெஸ்ட் (பத்தியில கோடிட்ட இடம் நிரப்பறது)னு எங்க வேணா வந்து நிக்கும், நம்மாளுங்க எல்லாத்துக்கும் நேரா "ஆடம்பரம்"னு எழுதி வச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க, அப்புறம் நாலு ஆப்ஷன்ல ரெண்டு ஆடம்பரமா வந்தா முழிக்கணும்.

லாவிஷ்ல முக்கியம் அளவு. பந்தியில போதும் போதும்னு இலையை கையால மறைச்சாலும் விடாம பரிமாறுவாங்களே, அந்த தாராளம். பழைய ஃப்ரெஞ்சுல அடைமழையை சொல்ற சொல்லுல இருந்து வந்ததுதான் இது, அதனால கொட்டறதுன்னு மனசுல வச்சுக்கங்க. லாவிஷ் வெட்டிங்னும் வரும் லாவிஷ் ப்ரெய்ஸ்னும் வரும், பாராட்டை அள்ளி விடறதுக்கு காசா பணமா? அதனால இது எப்பவும் திட்டு கிடையாது.

வெர்பாவும் வரும், வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கற எரர் ஸ்பாட்டிங்ல இங்கதான் கை வைப்பாங்க. "ஷி லாவிஷ்ட் கிஃப்ட்ஸ் ஆன் ஹெர் க்ராண்ட்சில்ட்ரன்", குடுக்கற பொருள் முதல்ல, ஆன் போட்டு ஆள் அப்புறம். ஷவர்னா "ஷவர்ட் ஹிம் வித் கிஃப்ட்ஸ்"னு தாராளமா எழுதலாம், அதே பழக்கத்துல லாவிஷுக்கும் வித் போட தோணும். அப்படி எழுதறவங்களும் இருக்காங்க, ஆனா எக்ஸாம்ல ஆன் இல்லன்னா அபான் தான் சேஃப்.

எக்ஸ்ட்ராவகண்ட் வேற ஜாதி. லத்தீன்ல எல்லை தாண்டி அலையறதுன்னு பொருள், வேகபாண்டுக்கும் (நாடோடி) இதே வேர்தான். அதாவது வரம்பு மீறல், கொஞ்சம் குறை சொல்ற தொனி பெரும்பாலும் ஒட்டிக்கிட்டே இருக்கும். காம்ப்ரிஹென்ஷன் பாசேஜ்ல எக்ஸ்ட்ராவகண்ட் க்ளெய்ம்ஸ்னு வந்தா பணத்தை தேடாதீங்க, அது அளந்து விடற கதை.

பெரிய கண்ணி ஸ்பெண்ட்த்ரிஃப்ட். த்ரிஃப்ட்னா சிக்கனம், ஆபீஸ்ல இருக்கற கூட்டுறவு சிக்கன நாணய சங்கத்தோட இங்கிலீஷ் பேர்லயே அந்த த்ரிஃப்ட் இருக்கு, அதனால ஸ்பெண்ட்த்ரிஃப்டும் சிக்கனமா செலவு பண்றவன்தான்னு டிக் அடிக்க கை போகும். நேர் எதிர்! சேத்து வச்சதை எல்லாம் செலவு பண்ணி தீக்கறவன், சுத்த ஊதாரி.

ப்ராடிகலும் ஊதாரிதான், பைபிள்ல லூக்கா 15ல வர்ற ஊதாரி மைந்தன் கதையால பேர் வாங்கின வார்த்தை, கதை முடிவை மட்டும் ஞாபகம் வச்சிருக்கறவங்க வீடு திரும்பினவன்னு அர்த்தம் எடுத்துக்கறாங்க, அவன் சொத்தை அழிச்சதுக்குத்தான் அந்த பேரு. ப்ராடிஜிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது மேதைக் குழந்தை. ப்ராஃப்ளிகேட்னா காசோட ஒழுக்கமும் போனவன்னு கூட வரும். லக்சூரியன்ட்னா செழிப்பா அடர்த்தியா வளந்தது, முடிக்கும் செடிக்கும் சொல்றது, லக்சூரி ஹோட்டல் பக்கம் போகாதீங்க.

ஆன்டானிம்ல தொனிதான் ஆளைக் கவுக்கும். ஃப்ரூகல்னா நல்ல சிக்கனம், மைசர்லியும் பார்சிமோனியஸும் கஞ்சத்தனம். ஒரே கேள்வியில ரெண்டு வகையும் வந்தா வாக்கியம் பாராட்டுதா திட்டுதான்னு பாருங்க, வெறும் வார்த்தையை மட்டும் குடுத்தா கேட்ட வார்த்தையோட தொனியை வச்சு எடுங்க.

கடைசி ரெண்டு ஆப்ஷன்ல இழுபறின்னா விட்டுட்டு வராதீங்க. சிஜிஎல் டயர் 1ல, அதாவது முதல் கட்டத்துல, இங்கிலீஷ் 25 கேள்வி, சரியா போட்டா 2 மார்க், தப்புக்கு 0.50 போகும். டயர் 2 பேப்பர் 1ல இங்கிலீஷ் 45 கேள்வி, சரிக்கு 3, தப்புக்கு 1. பாதிக்கு பாதி சான்ஸ் இருந்தா கணக்கு நம்ம பக்கம்தான் நிக்குது. நாலுமே தெரியாத வார்த்தைன்னா மட்டும் தாண்டி போயிடுங்க, அந்த நேரத்துல வேற ஒரு கேள்வியாவது போடலாம்.