1,270 படங்களும் பாதி ஃபேஸ்புக்கும்

ஏஐ சமத்துவத்துக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன கெடுதல் செய்கிறது என்று ஆராய நிதி கேட்பவர்கள் பட்ஜெட் பக்கத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். ஆய்வு படுத்துவிடுவது பெரும்பாலும் வேறிடத்தில்: "தரவு இன்னாரிடமிருந்து பெறப்படும்" என்று ஒரே வரியில் தாண்டிப்போகிற இடத்தில்.

ஏஐ ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட முகப்பகுப்பாய்வுச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, ஃபின்லாந்து, ஸ்வீடன் ஆகிய ஆறு நாட்டு எம்.பி.க்களின் 1,270 படங்கள். எல்லாம் பொதுவில் கிடைத்தவை. அவற்றை மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், ஃபேஸ்++ ஆகிய மூன்றின் முகப்பகுப்பாய்வு மென்பொருளுக்கும் கொடுத்து ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. எந்த நிறுவனத்தின் தயவும் தேவைப்படவில்லை.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் சறுக்குவது எண்ணிக்கையில். 1,270இல் கருநிறப் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், சுமார் 270. அந்த அளவில் 34.7 என்ற எண்ணுக்கே இருபுறமும் ஏறக்குறைய 6 சதவீதப் புள்ளி தடுமாற்றம் உண்டு. 0.8க்கும் 34.7க்கும் இடைவெளி மலையளவு என்பதால் தப்பித்தது. உங்கள் ஆய்வில் வித்தியாசம் 4 புள்ளிதான் இருக்கும் என்றால் 270 பேர் போதாது. முதலில் மிகச் சிறிய துணைக்குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுங்கள். மொத்த மாதிரியின் அளவு அதிலிருந்து வரட்டும். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, கடைசியில் "பெண்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

தேர்தலையும் பொய்ச்செய்தியையும் ஆராயப் போனால் பொதுவில் கிடைக்கும் படங்கள் உதவாது. நிறுவனத்தின் கதவைத் தட்டியே ஆக வேண்டும். ஃபேஸ்புக்கின் தரவை வெளி ஆய்வாளர்களுக்குத் தருவதற்காக 2018இல் தொடங்கிய 'சோஷியல் சயின்ஸ் ஒன்' ஏற்பாட்டில் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பணம் ஃபேஸ்புக்கினுடையது அல்ல, ஏழு அறக்கட்டளைகளுடையது. ஆய்வுகளைத் தேர்ந்தெடுப்பதும் ஃபேஸ்புக் அல்ல. தரவு மட்டும் அவர்களிடம். அது இழுத்துக்கொண்டே போக, 2019இல் அறக்கட்டளைகளே கெடு வைத்தன. 2020இல் ஒருவழியாக வந்தது, தனிநபரை அடையாளம் காண முடியாதபடி எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி. 2021 செப்டம்பரில்தான் குட்டு வெளிப்பட்டது: அரசியல் சாய்வு கண்டறியப்படாத அமெரிக்கப் பயனர்கள், அதாவது ஏறக்குறைய பாதிப்பேர், தரவிலேயே இல்லை. அரசியலில் ஒட்டாதவர்களை விட்டுவிட்டு அரசியல் செய்தி எப்படிப் பரவுகிறது என்று அதுவரை அளந்துகொண்டிருந்தார்கள்!

இதைப் பிடித்தவர் இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர். கையில் இருந்த எண்ணையும் ஃபேஸ்புக்கே வெளியிட்ட பொது அறிக்கையின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். ஆகவே தரவு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு வேலை: யார் யார் இதில் இருக்கிறார்கள், யார் நீக்கப்பட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், ஏதாவது ஒரு மொத்த எண்ணை வெளியிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இதற்கென்று ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை பட்ஜெட்டில் தனி வரியாகப் போடலாம். கேள்வி கேட்கிற நிதியாளருக்கு மேலே சொன்ன கதை போதும்.

மூன்றாவது வழி, பயனர்களே மனமுவந்து தருவது. நியூயார்க் பல்கலைக்கழகக் குழு பிரவுசரில் சேர்க்கும் சின்ன மென்பொருள் (நீட்சி) ஒன்றைத் தன்னார்வலர்களிடம் கொடுத்து, யாருக்கு எந்த அரசியல் விளம்பரம் காட்டப்படுகிறது என்று சேகரித்தது. 2020 அக்டோபரில் நிறுத்தச் சொல்லி ஃபேஸ்புக் கடிதம் அனுப்பியது. 2021 ஆகஸ்டில் ஆய்வாளர்களின் கணக்குகளையே முடக்கியது. இப்படிச் செய்பவர்கள் வக்கீல் செலவை 'இதர செலவு' என்று ஒளித்துவைக்கக் கூடாது. வழக்கு வந்தால் பல்கலைக்கழகம் நிற்குமா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே எழுதி வாங்க வேண்டும்.

தரவோ பணமோ தருபவரோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். ஆய்வை வெளியிடும் முன் 30 நாள் "பார்வைக்கு" அனுப்பு என்றால் சரி. "ஒப்புதலுக்கு" என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் யாருடையது என்பதும் முக்கியம். 2019இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் அமேசானும் தலா 1 கோடி டாலர் போட்டு, ஏஐ நியாயம் (பாரபட்சம் காட்டாமல் இருப்பது) பற்றிய ஆய்வுகளுக்கு அழைப்பு விடுத்தன. தேர்வில் அமேசானுக்குப் பங்கில்லை என்றார்கள். இருக்கட்டும். 'நியாயம்' என்று தலைப்பு வைத்தால் ஏஐ மாடலை எப்படிச் சீர்செய்வது என்ற விண்ணப்பங்கள்தான் குவியும். முகமறியும் மென்பொருளை போலீஸுக்கு விற்கலாமா என்று கேட்பவர் அந்தப் பக்கமே வரமாட்டார். அரசுப் பணம் மட்டும் போதும் என்றால் அதுவும் உறுதியில்லை: அதே அறக்கட்டளை 2025 ஏப்ரலில் பொய்த்தகவல், சமவாய்ப்பு தொடர்பான மானியங்களைப் பாதியிலேயே ரத்துசெய்தது. முனைவர் மாணவரின் சம்பளத்தை ஒரே மானியத்தில் தொங்கவிடாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளிநாட்டு மானியம் வாங்கிய ஓர் அமைப்பு அதில் ஒரு பங்கை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதை வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தம் தடைசெய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 20 சதவீதம். பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, களத்தில் இறங்கும் சின்னக் குழுவுக்குப் பிரித்துக்கொடுக்கும் பழைய வழி அடைபட்டது. சின்னக் குழுவே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அதன் பெயரிலேயே எஃப்சிஆர்ஏ பதிவோ முன்அனுமதியோ, கூடவே ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் கணக்கும் இருந்தாக வேண்டும்.